வாசலில் ஒரு தோசைக்கல்



பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "பட்டிப் பொங்கலுக்கு ஒறம்பரை நாற்பது பேர் வருகிறார்கள். ராத்திரி தோட்டத்துச் சாளை வாசலிலேயே அடுப்பு மூட்டி, பெரிய கல் போட்டு, எல்லாருக்கும் சுடச்சுடத் தோசை ஊற்றிப் போடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம்! சுடப்போவது நானல்லவா? என்னென்ன சாமான் வேண்டும், கல்லை எப்படிப் பழக்குவது என்று கொஞ்சம் எழுதுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. பட்டிப் பொங்கல் மட்டுமா? ஆடி 18-க்குப் பவானி கூடுதுறைக்குப் போகிறோம். வருஷத்துக்கு ஒரு தரம் குலதெய்வக் கோயிலுக்குக் கட்டுச் சாமானோடு போகிறோம். கல்யாண வீடு, சீர் வீடு என்றால் பின் வாசலில் அடுப்பு எரியாமல் இருக்குமா? வீட்டுக்குள் காஸ் அடுப்பில் தோசை வார்க்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம், வெட்டவெளியில் விறகடுப்பில் வார்க்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. அதற்குக் கல்லும் வேறு, கைப்பக்குவமும் வேறு.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தப்பு செய்தவள் சொன்னால்தான் புத்தி ஏறும்!

நான் உடைத்த கல்

எங்கள் வீட்டில் ஒரு வார்ப்பு இரும்புக் கல் இருந்தது. என் மாமியாருக்கு அவர் அம்மா கல்யாணத்தின்போது கொடுத்தது. கன்னங்கரேலென்று கண்ணாடி மாதிரி இருக்கும். எண்ணெயே இல்லாமல் ஊற்றினாலும் தோசை தானாகக் கிளம்பி வரும். அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தோம். சாயந்திரம் தூறல் போட ஆரம்பித்தது. வேன்காரர் அவசரப்படுத்துகிறார். கல்லோ கொதிக்கிறது. சீக்கிரம் ஆறட்டும் என்று நான் ஒரு சொம்புத் தண்ணீரை மோந்து அதன் மேலே ஊற்றினேன்.

'டப்' என்று ஒரே சத்தம். கல் இரண்டு துண்டாகி, ஒரு துண்டு என் கால் பக்கத்தில் வந்து விழுந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போனாப் போவுது அம்மிணி. கல்லு போச்சு, உன்ற காலு தப்பிச்சுதே, அதைப் பாரு" என்றார்கள். அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும், இரண்டு துண்டையும் துடைத்து, எண்ணெய் தடவி, பழைய பேப்பரில் சுற்றிப் பரண் மேலே வைத்ததை நான் பார்த்தேன்.

வார்ப்பு இரும்பில் கரிச்சத்து நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் அது கெட்டி. அதனால்தான் அது உடையக் கூடியதும். மேலே தண்ணீர் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், அடிப்பக்கம் சூட்டில் விரிந்தபடியே நிற்கும். இந்த இழுபறியில் விரிசல் விட்டுவிடுகிறது. தோசைக்கு நடுவே கை நிறையத் தெளிக்கும் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. சொம்போடு கொட்டுவதுதான் ஆபத்து.

எந்தக் கல் வாங்கலாம்?

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். நாற்பது பேர், ஆளுக்கு நாலு தோசை என்றால் 160 தோசை. ஒரு தோசைக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தால், வீட்டுக் கல்லில் ஒவ்வொன்றாகச் சுட 320 நிமிஷம், அதாவது ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல்! கடைசிப் பந்தி உட்காரும்போது விடிந்துவிடும். அதையே நாலு தோசை ஒன்றாக ஊற்றக்கூடிய பெரிய கல்லில் சுட்டால் ஒன்றே கால், ஒன்றரை மணியில் முடிந்துவிடும்.

நாலு தோசைக்கு இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம் உள்ள நீள்சதுரக் கல் போதும். கனம் கால் அங்குலமாவது இருக்கட்டும். அந்த அளவுக் கல் 14 கிலோ வரை எடை வரும். ஒருவராகத் தூக்காதீர்கள், இரண்டு பக்கமும் பிடி வைத்ததாக வாங்குங்கள்.

இனி, எந்த இரும்பு?

வார்ப்பு இரும்புக் கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றடித்துத் தணல் ஏறி இறங்கினாலும் கல்லின் சூடு அவ்வளவாக மாறாது. ஆனால் கீழே போட்டால் உடையும்.

தகட்டு இரும்புக் கல் உடையாது. சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும். மெல்லியதாக இருந்தால் விறகுத் தீயில் நடுவில் வளைந்து குழி விழுந்து, ஊற்றின எண்ணெய் எல்லாம் அங்கே போய்த் தேங்கும். ஆகவே கனத்தைப் பார்த்து வாங்குங்கள். வெளியூருக்கு வேனில் ஏற்றி இறக்குவதென்றால் கனமான தகட்டுக் கல்தான் தோது.

ஒட்டாத பூச்சுப் பூசிய நான்-ஸ்டிக் கல்லை விறகடுப்பு பக்கமே கொண்டுபோகாதீர்கள். சூடு 260 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும், அதன் புகை நல்லதல்ல. விறகுத் தீயில் காலிக் கல் அந்தச் சூட்டைச் சில நிமிஷத்தில் எட்டிவிடும்.

கல்லுக்கு நாம் எங்கேயும் போய் அலைய வேண்டாம். பம்ப் செட்டுக்கும் மோட்டாருக்கும் இரும்பு வார்க்கிற பவுண்டரிகள் நிறைந்த ஊரல்லவா கோயமுத்தூர்! மாவாட்டுகிற கிரைண்டரே 1955-ல் இங்கே பி. சபாபதி என்பவர் உருவாக்கியதுதான். கடையில் கல் வாங்கும்போது சமமான தரையில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். விரலால் தடவி, சொரசொரப்பு ஒரே சீராக இருக்கிறதா, ஓட்டை உடைசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கல்லைப் பழக்குவது

புதுக் கல்லில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள். அதைச் சோப்புப் போட்டு, சுடுதண்ணீரில் நன்றாகத் தேய்த்து எடுங்கள். இரும்புக் கல்லுக்குச் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்ப்பது இந்த ஒரு தடவைதான்!

நம் பக்கத்தில் ஒரு ராத்திரி வடிகஞ்சி ஊற்றி வைக்கிற வழக்கம் உண்டு. செய்யலாம். ஆனால் நாள் கணக்கில் ஊற விடாதீர்கள், துருப்பிடித்துவிடும். காலையில் கழுவி, துணியால் துடைத்து, அடுப்பில் வைத்து ஈரம் சுண்டக் காய வையுங்கள்.

அடுத்து எண்ணெய். இங்கேதான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் கல் பளபளக்கும் என்று நினைக்கிறார்கள். பளபளக்காது, பிசுபிசுக்கும்! துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, பிறகு வேறு துணியால் 'எண்ணெயே இல்லையோ' என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். அப்புறம் புகை வரும்வரை காய்ச்சி, ஆற விட வேண்டும். இப்படி நாலைந்து தடவை. சூட்டில் எண்ணெய் இறுகி, இரும்போடு ஒட்டிய கறுப்புத் தோலாக மாறுகிறது. தோசை ஒட்டாமல் காப்பது அந்தத் தோல்தான்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் இதற்கு ஏற்றவை. நம் காங்கயம் தேங்காயெண்ணெய் சமையலுக்கு அருமைதான்; ஆனால் கல்லைப் பழக்க அவ்வளவு உதவாது, அது அந்த மாதிரி இறுகுவதில்லை.

கடைசியாக நிறைய வெங்காயத்தைப் போட்டு, கல் முழுவதும் படும்படி கருகக் கருக வதக்கிக் கொட்டிவிடுங்கள். முதல் பத்துத் தோசை ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கத்தான் செய்யும். அதனால் விசேஷத்துக்கு இரண்டு வாரம் முன்பே கல்லை வாங்கி, தினம் நாலு தோசையாவது சுட்டுப் பழக்குங்கள். விசேஷத்தன்று காலையில் புதுக் கல்லைக் கொண்டுவந்து போடுவது நம்மை நாமே சோதித்துக்கொள்கிற வேலை.

கைவசம் இருக்க வேண்டியவை

1. தோசைத் திருப்பி இரண்டு. ஒன்று தோசை எடுக்க, மெல்லிய வாயுள்ளது. இன்னொன்று கல்லைச் சுரண்ட, பட்டையான தடித்த வாயுள்ளது. காம்பு ஒரு முழமாவது நீளம் இருக்கட்டும். மரப்பிடி போட்டதாக இருந்தால் கை சுடாது.

2. மாவுக் கரண்டி. அடி தட்டையாக உள்ளது. ஒரே அளவு என்றால்தான் நாலு தோசையும் ஒன்றாக வேகும்.

3. எண்ணெய்த் துணி. குச்சி முனையில் சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டியது. நைலக்ஸ், பாலியஸ்டர் துணி கல்லிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். துணி இல்லையென்றால் பாதி வெங்காயம் அல்லது காம்போடு வெட்டிய கத்தரிக்காய்த் தலை போதும்.

4. சின்னத் தென்னஞ் சீமாறு. இதற்கென்றே புதிதாக வாங்கி, கழுவி வைத்தது. தண்ணீர் தெளித்து, கல்லைக் கூட்டித் தள்ள. சாயந்திரம் கோயமுத்தூர் ரோட்டோரக் கடைகளில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தோசை மாஸ்டர் இரண்டு நடைக்கு ஒரு தடவை தெளித்துக் கூட்டுகிறார். காளான் போடுகிறவர் கையிலிருக்கும் தகட்டுக் கரண்டி ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருப்பதில்லை, கிளறிக்கொண்டே சுரண்டுகிறது. அவர்கள் கல்லில் ஒட்டாததற்கு அதுதான் காரணம்!

5. இடுக்கியும் ஊதாங்குழலும். விறகைத் தள்ளவும் இழுக்கவும் ஒரு நீளக் கம்பி.

6. ஒரு வாளித் தண்ணீர், ஒரு கூடை மணல், தண்ணீரில் நனைத்த ஒரு சாக்கு. இவை சமையலுக்கல்ல, காவலுக்கு.

அடுப்பும் விறகும்

கல்லின் நீளத்துக்குச் செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கினால் போதும். ஒன்றே கால் அடி உயரம் இருந்தால் தணலுக்கு இடமும் காற்றோட்டமும் கிடைக்கும். ஆற்றங்கரையில் சமைத்தால் தண்ணீரில் கிடந்த கல்லை எடுத்து அடுப்புக் கூட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கலாம். மலையடிவாரம், அணைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: காட்டு எல்லைக்குள் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அது உங்கள் முதுகில் படும்படி உட்காருங்கள். புகையும் ஜுவாலையும் அக்கட்டால போகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு பக்கம் தகரத் தட்டி மறைப்பு இல்லாமல் அடுப்பே நிற்காது.

நன்றாகக் காய்ந்த விறகு. பற்றவைக்கப் பன்னாடை, தென்னம்பாளை, கொட்டாங்குச்சி. ஈர விறகு புகைந்தே கண்ணைக் கெடுக்கும். அரளிக் கட்டை விஷம், அதை அடுப்பில் வைக்கவே கூடாது. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், ரப்பர் ஆகியவையும் வேண்டாம். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையைக் கொளுத்திப் போடுகிறோமே, அந்தப் புகை நாம் சுடும் தோசை மேலேதான் படிகிறது. நம் குழந்தைகள்தான் அதைச் சாப்பிடுகிறார்கள்.

தோசைக்கு வேண்டியது ஜுவாலை இல்லை, தணல். அரை மணி முன்னாடியே மூட்டி, கட்டை எரிந்து கங்கானதும் கல் முழுவதுக்கும் பரப்பிவிட்டு, பிறகு கல்லைப் போடுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் தணலைக் குறைத்து வைத்தால், வெந்த தோசை ஆறாமல் இருக்க இடமாயிற்று.

சூடு சரியா?

நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மெதுவாகக் கொதித்து வற்றினால் சூடு போதாது, தோசை ஒட்டும். முத்து முத்தாக உருண்டு கல் மேல் ஓடினால் சூடு அதிகம். தண்ணீருக்கும் கல்லுக்கும் நடுவில் ஆவி ஒரு மெத்தை மாதிரி நிற்பதால் அது ஓடுகிறது. 1756-லேயே லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய டாக்டர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போது மாவை ஊற்றினால் பரவாமல் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். 'சுர்ர்' என்று சத்தம் போட்டு உடனே மறைந்தால் அதுதான் பதம். எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, மாவு, அவ்வளவுதான்!

மாவு என்றதும் ஞாபகம் வருகிறது. விறகடுப்புக் கல்லுக்கென்றே பிறந்தது நம் சோளத் தோசை. சோளம் 2 ஆழாக்கு, இட்லி அரிசி 1 ஆழாக்கு, உளுந்து அரை ஆழாக்கு, வெந்தயம் ஒரு ஸ்பூன். ஆறு மணி நேரம் ஊறவைத்து, அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, ராத்திரி முழுவதும் புளிக்க விடுங்கள். கொஞ்சம் கனமாக ஊற்றி, மேலே சின்ன வெங்காயம் தூவி, கடலை எண்ணெய் விட்டு மொறுமொறுவென்று எடுங்கள். தக்காளிச் சட்னியோடு கொடுத்தால் ஒறம்பரை எழுந்திருக்க மாட்டார்கள்! ஒப்புட்டும் தட்டுவதாக இருந்தால் தோசைக்கு முன்பே தட்டிவிடுங்கள். கருகின மாவுத் துணுக்கு ஒட்டினால் ஒப்புட்டின் நிறமே போய்விடும்.

வேலை முடிந்தபின்

கல் சூடாக இருக்கும்போதே தட்டைக் கரண்டியால் சுரண்டி, துணியால் துடையுங்கள். ஒட்டிக்கொண்டது போகவில்லையென்றால் கல்லுப்பு ஒரு கை, எண்ணெய் ஒரு ஸ்பூன் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். கழுவத்தான் வேண்டுமென்றால் நன்றாக ஆறினபிறகு கழுவி, மறுபடி தணலில் வைத்து ஈரம் போக்கி, மெல்லிசாக எண்ணெய் தடவிப் பேப்பரில் சுற்றி வையுங்கள். ராத்திரி அசதியில், "காலையில் பார்த்துக்கலாம்" என்று பனியில் விட்டுவிட்டால் விடிகாலையில் செம்மண் நிறத்தில் சிரிக்கும்!

துருப்பிடித்தால் கல்லைத் தூக்கிப் போட வேண்டாம். புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் துரு போய்விடும். கூடவே அந்தக் கறுப்புத் தோலும் கொஞ்சம் போகும். ஆகவே முன்னே சொன்னபடி மறுபடி பழக்க வேண்டும். அதே காரணத்தால் தக்காளி, புளி சேர்ந்த மசாலாவை இந்தக் கல்லில் வெகு நேரம் வைக்காதீர்கள்.

இரும்புச் சத்து கிடைக்குமா?

"இரும்புக் கல்லில் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதனால் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. 1986-ல் அமெரிக்காவில் இருபது வகை உணவுகளை இரும்புப் பாத்திரத்தில் சமைத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் இரும்புச் சத்து கூடியிருந்தது. ஆனால் ஈரமும் புளிப்பும் சேர்ந்து, வெகு நேரம் வேகிற பதார்த்தங்களில்தான் நிறையக் கூடியது. இரண்டு நிமிஷத்தில் எடுக்கும் தோசையில், அதுவும் நன்றாகப் பழகிய கல்லில், சேர்வது கொஞ்சம்தான். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பது அதைவிடப் பலன் தரும். கீரை, பயறு, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைக் கல்லை நம்பி நிறுத்திவிடாதீர்கள்!

மறக்கவே கூடாதது

விசேஷம் என்றால் பட்டும் பாலியஸ்டரும் கட்டத்தான் ஆசை. கல்லடிக்கு வரும்போது மட்டும் பருத்திப் புடவை, முந்தானையை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டையாக முடிந்து உட்காருங்கள். எண்ணெயைக் கேனோடு அடுப்புப் பக்கம் வைக்காமல், சின்னக் கிண்ணத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பைச் சுற்றி இரண்டு எட்டு தூரத்துக்குக் கோலமாவால் ஒரு கோடு போட்டு, "இதைத் தாண்டி வரக்கூடாது கண்ணு" என்று குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கோட்டை மதிக்காத குழந்தை இதுவரை இல்லை.

கை சுட்டுவிட்டால் இங்க், பற்பசை, மஞ்சள், மாவு எதையும் அப்பாதீர்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றி, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் காட்டுங்கள். புடவையில் தீப்பிடித்தால் ஓடவே கூடாது. ஓடினால் காற்றில் தீ பெருகும். தரையில் படுத்து உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் நனைத்த சாக்கைப் போர்த்தித் தண்ணீரை ஊற்றி, 108-க்குப் போன் செய்ய வேண்டும். அந்தச் சாக்கை ஏன் வைக்கச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதல்லவா?

இதையெல்லாம் படித்துவிட்டு மலைக்காதீர்கள் பொள்ளாச்சிச் சகோதரியே! நாற்பது பேரில் நாலு பேரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். சுடச் சொன்ன உங்கள் வீட்டுக்காரர் விறகு தள்ளட்டும். சுட்டதை எடுத்துப் போட இளவட்டங்கள் இருக்கிறார்கள். எல்லாரும் சாப்பிட்டபிறகு ஆறிப்போன கடைசித் தோசைதான் சுட்டவளுக்கு என்ற வழக்கத்தை மட்டும் இந்தப் பொங்கலோடு விட்டுவிடுங்கள். முதல் நடை முடிந்ததும் திருப்பியை வேறு கையில் கொடுத்துவிட்டு, நீங்களும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள்.

நான் உடைத்த கல்லுக்குப் பதிலாகச் சந்தையில் புதுக் கல் ஒன்று வாங்கினேன். மூன்று வருஷமாகப் பழக்கி, இப்போதுதான் கறுத்து வழிக்கு வந்திருக்கிறது. போன மாதம் அத்தை அதில் ஒரு தோசை ஊற்றி, திருப்பி எடுத்துப் பார்த்துவிட்டு, "தேவுல அம்மிணி, கல்லு பழகீருச்சு" என்றார்கள். பரண் மேலிருந்த பழைய துண்டுகளில் பெரிய துண்டை இப்போது கீழே இறக்கியாயிற்று. அதில்தான் அத்தை சீரகமும் ஓமமும் வறுக்கிறார்கள். அதன் மேல் நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவிடுவதில்லை!